ஐம்பது, அறுபது பேருக்குக் கறி சமைக்க எவ்வளவு பெரிய இரும்புச் சட்டி வேண்டும்?

எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டிப் பங்காளிகள் அனைவரும் கூடிச் சாப்பிடும் நாட்களில், அடுப்படிப் பொறுப்பு பெரியப்பாவுக்குப் பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. அதனாலேயே, புதிதாக வார்ப்பிரும்புச் சட்டி வாங்க நினைக்கும் உறவினர்கள், இத்தனை பேருக்கு எத்தனை அங்குலச் சட்டி வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒற்றை எண்ணில் பதில் வரும் என்று எதிர்பார்த்துக் கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு நான்கு கேள்விகள் கேட்பதால் சிலருக்குச் சலிப்பு ஏற்படுவதும் உண்டு. சமைக்கப்போவது குழம்பா சுக்காவா, எரிப்பது விறகா கேஸா, கொதிக்கும் சட்டியை இறக்கி வைக்க எத்தனை பேர் நிற்பார்கள், சட்டியின் அடி உருண்டையா தட்டையா என்பவை தெரியாமல் ஆள் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு சட்டி வாங்கினால், அது பரணில்தான் போய் உட்காரும்.

கடைகளில் இரும்புச் சட்டி என்ற ஒரே பெயரில் இரண்டு பொருட்கள் கிடைக்கின்றன. ஒன்று இரும்புத் தகட்டை அடித்து வளைத்துச் செய்தது; மற்றொன்று இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி வார்த்தது. தகட்டுச் சட்டி இலேசானது, சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும், கீழே விழுந்தால் நசுங்கும். வார்ப்புச் சட்டி கனமானது, மெதுவாகச் சூடேறி அந்தச் சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும், கீழே விழுந்தால் விரிசல் விடும். நான் இங்கே சொல்வதெல்லாம் இரண்டாவது வகையைப் பற்றி.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருட்கள் விற்கும் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பெரிய பாத்திரங்கள் வாசல்வரை அடுக்கப்பட்டிருக்கும். கல்யாணக் கூட்டத்துக்கே வீட்டில் பாத்திரம் வைத்திருந்த குடும்பங்களின் புழக்கத்தில் இருந்தவை அவை. அங்கே ஒரு கடையில் நான் சட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் ஒன்றைக் காட்டி, “பதினாறு இஞ்சுண்ணே, அம்பது பேருக்குத் தாராளமா வரும்” என்றார். அதன் அருகிலேயே அதே 16 அங்குல வாய் கொண்ட இன்னொரு சட்டி, அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் இருந்தது. இரண்டும் ஏறக்குறைய 7 அங்குல ஆழம். நான் ஒரு லிட்டர் குவளையைக் கேட்டு வாங்கி இரண்டிலும் தண்ணீர் ஊற்றி அளக்கத் தொடங்கியதும், அவர் முதலில் சிரித்தார், பிறகு அவரே குடத்தைச் சாய்த்துக் கொடுத்தார். வளைந்த அடி கொண்ட சட்டி பதினாலரை லிட்டரை ஒட்டி வழிந்துவிட்டது. நேர்ப்பக்கச் சட்டியோ 22 லிட்டரைத் தாண்டியும் வாங்கிக்கொண்டது. வாய் ஒன்றாக, ஆழமும் ஒன்றாக இருந்தும் கொள்ளளவில் ஒன்றரை மடங்கு வேறுபாடு.

அங்குலக் கணக்கில் இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. 12 அங்குலச் சட்டி பத்துப் பேருக்குப் போதும் என்றால் 18 அங்குலச் சட்டி பதினைந்து பேருக்குத்தானே என்று மனம் கணக்குப் போடும். வாயின் அகலம் ஒன்றரை மடங்காகும்போது ஆழமும் அதே விகிதத்தில் கூடினால், கொள்ளளவு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே விளிம்பு அளவைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தண்ணீர் ஊற்றி லிட்டரில் அளப்பதே முறை. புதுச் சட்டி விற்கும் கடையில் தண்ணீர் ஊற்ற விடமாட்டார்கள் என்பதால், அங்கே வாய், அடி, ஆழம் மூன்றையும் நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு வந்து வீட்டில் கணக்குப் பார்க்கலாம். பிறகு விளிம்புவரை கொள்ளும் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். குழம்பு பொங்குவதற்கும், துடுப்பைப் போட்டுப் புரட்டுவதற்கும், இறக்கும்போது அலம்பி வழியாமல் இருப்பதற்கும் அந்த இடம் தேவை. 18 லிட்டர் சட்டி என்றால் அதில் சமைக்கத் தகுந்தது 12 லிட்டர்தான்.

அடுத்தது கறியின் கணக்கு. 20 கிலோ எடையுள்ள கிடாயை உரித்தால், தலை, கால், குடல் நீங்கலாக எலும்போடு 9 முதல் 10 கிலோ கறி கிடைக்கும். கோயில் விருந்தில் ஆளுக்கு எலும்போடு 200 கிராம் என்று வைத்தால் அறுபது பேருக்கு 12 கிலோ கறி வேண்டும். ஒரு கிடாய் போதாது, கூடுதலாக இரண்டு மூன்று கிலோ வாங்க வேண்டியிருக்கும், அல்லது கிடாய் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் சட்டியின் அளவைத் தீர்மானிப்பது பந்தியில் பரிமாறப்படும் குழம்பின் அளவு அன்று. சமையலின் நடுவே சட்டி மிக நிறைந்திருக்கும் நேரம்தான் அதைத் தீர்மானிக்கிறது. கறிக்குழம்பில் அந்த நேரம் எது என்பதைக் கூடவே நின்று பார்த்தால் தெரியும். சின்ன வெங்காயம் வதங்கி அடங்கி, தக்காளி கரைந்து, பச்சைக் கறியைக் கொட்டிப் புரட்டி, அது தன் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கும்போதே மல்லி, மிளகாய் அரைப்பும் வேகவைக்கும் தண்ணீரும் சேருகின்றனவே, அப்போதுதான் சட்டி உச்சத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகு கறி வெந்து சுருங்கி எடையில் கால் பங்குக்கு மேல் இழக்கிறது, தண்ணீரும் வற்றுகிறது, சட்டியில் விரற்கடை விரற்கடையாக மட்டம் இறங்குகிறது. இறுதியில் பார்க்கிறவருக்குச் சட்டி தேவைக்கு மேல் பெரிதோ என்று தோன்றும்.

அந்த உச்ச நேரத்தில் ஒரு கிலோ கறிக்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2 லிட்டர் இடம் பிடிக்கிறது. மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும் என்பதால், ஒரு கிலோ கறிக்கு 3 லிட்டர் சட்டி என்பது நான் கையாளும் கணக்கு. தண்ணீர்க் குழம்பாக வைக்கிற வழக்கமுள்ள வீடுகளில் இதைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். அறுபது பேருக்கான 12 கிலோ கறிக்கு இந்தக் கணக்கின்படி 36 லிட்டர் தேவை.

36 லிட்டருக்கு ஒரே சட்டியாக வாங்கிவிடலாமே என்பார்கள். இங்கேதான் வார்ப்பிரும்பு மற்றப் பாத்திரங்களிலிருந்து பிரிகிறது. அலுமினிய அண்டா எவ்வளவு பெரிதானாலும் வெறும் அண்டாவை ஒருவர் தூக்கிவிடுவார். 36 லிட்டர் கொள்ள வேண்டுமானால் 20 அங்குல வாயும் 7 அங்குல ஆழமும் வேண்டும்; அந்த அளவுத் தட்டையடி வார்ப்புச் சட்டி வெறுமையாகவே 20 கிலோவைத் தாண்டும். அதில் 24 லிட்டர் குழம்பு இருந்தால் மொத்தம் 45 கிலோ. அதுவும் கொதிக்கிற 45 கிலோ, குனிந்த நிலையில், புகைக்கு நடுவே, கரித்துணியைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டியது. “சட்டி எவ்வளவு பெருசுன்னு பாக்காத, யாரு இறக்கப் போறான்னு பாரு” என்று பெரியப்பா சொல்லுவார். அவர் காலத்தில் இறக்குவதற்கு இளவட்டங்கள் அடுப்பைச் சுற்றியே நின்றார்கள். இப்போது அவர்கள் பந்தி நேரத்துக்குக் காரில் வந்து இறங்குகிறார்கள்.

ஆகவே எங்கள் வீட்டில் 18 லிட்டர் கொள்ளும் இரண்டு சட்டிகளாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொன்றும் 16 அங்குல வாய், 6 அங்குலத்தை ஒட்டிய ஆழம், வெறும் எடை 12 கிலோ. 6 கிலோ கறி போட்டுக் குழம்பு நிறைந்தாலும் 24 கிலோவுக்குள் நிற்பதால் இரண்டு பேர் தூக்கி இறக்கிவிடலாம். இரண்டாகப் பிரித்ததில் வேறொரு வசதியும் அமைந்தது. ஒன்றில் காரத்தைக் குறைத்து வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்க முடிகிறது. முற்றல் கறியையும் இளங்கறியையும் தனித்தனியாக வேகவைக்கவும் முடிகிறது. ஒரே பெரிய சட்டியில் இளங்கறி கரைந்து போகும்வரை முற்றல் கறிக்காகக் காத்திருக்க வேண்டும்.

தூக்குவதைப் பற்றிப் பேசும்போது சட்டியின் காதுகளைச் சொல்லாமல் விட முடியாது. விரல் நுழையாத சிறு காது அலங்காரத்துக்குத்தான் உதவும். துணி சுற்றிய நான்கு விரல்களும் உள்ளே போக வேண்டும், அல்லது காதில் இரும்பு வளையம் கோத்து அதில் கம்பைச் செருகித் தூக்கும் வசதி இருக்க வேண்டும். வாங்கும்போது கடையிலேயே துணியைச் சுற்றிக்கொண்டு தூக்கிப் பார்ப்பது நல்லது. மூடியையும் வார்ப்பிரும்பிலேயே வாங்குவது தேவையற்ற சுமை. குழம்புக்கும் சுக்காவுக்கும் அலுமினியத் தட்டு போதும்.

தீயின் அகலமும் சட்டியின் அகலமும் ஒத்துப்போக வேண்டும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைப் பரப்பும். வார்ப்பிரும்பில் தீ பட்ட இடம் கொதிக்க, படாத இடம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். வீட்டு கேஸ் அடுப்பின் சிறிய பர்னரில் 16 அங்குலச் சட்டியை வைத்தால் நடுவில் அடிப்பிடிக்கும், ஓரத்தில் வெங்காயம் வதங்காது. கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சட்டியின் அடி அடுப்பையே மூடிக்கொள்வதால் சூடு கீழே திரும்பி, கண்ணாடி வெடிக்கவும் குமிழ்கள் உருகவும் கூடும். என் அனுபவத்தில் வீட்டு அடுப்புக்கு 12 அங்குலமே உச்ச அளவு. அதற்கு மேல் போனால் வாடகைக்குக் கிடைக்கும் பெரிய கேஸ் அடுப்போ, விறகடுப்போ வேண்டும்.

கோயில் வெளியில் நாங்கள் மூன்று கல் கூட்டிச் சீமைக்கருவேல விறகு எரிக்கிறோம். கற்கள் சட்டியின் அடிக்குள் அடங்கியும் அதே சமயம் தூர விலகியும் நிற்க வேண்டும். மூன்றும் நெருங்கிவிட்டால் கனமான சட்டி ஒரு பக்கம் சாயும். உருண்டை அடிச் சட்டி மூன்று கல்லில் நன்றாகப் பொருந்தி உட்காரும், ஆனால் இறக்கித் தரையில் வைத்தால் உருளும். அதற்குப் பிரிமணை வேண்டும். தட்டையடிச் சட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆடி மாதத்தில் கிடா வெட்டு வைத்தால் காற்றுதான் பெரிய பகை. மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் தீநாக்கு முழுவதும் சட்டியின் ஒரு விலாவில் ஏறிவிடும். ஒருமுறை அப்படி எரிந்துகொண்டிருந்தபோது சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கிழக்கு ஓரத்தில் எண்ணெய் பிரிந்து குழம்பு தளதளவென்று குமிழியிட, மேற்கு ஓரத்தில் கொழுப்பு வெள்ளையாகத் திட்டுத் திட்டாக மிதந்துகொண்டிருந்தது. தகரம் வைத்துக் காற்றை மறைத்தோம். அத்துடன் அவ்வப்போது சட்டியைக் காதைப் பிடித்துக் கால் வட்டம் திருப்பினோம். 24 கிலோ சட்டியில் இது முடிகிறது; 45 கிலோ சட்டியை அடுப்பின் மேல் வைத்துத் திருப்புவதை என்னால் கற்பனை செய்யவும் முடியவில்லை.

வார்ப்புச் சட்டி மெதுவாகச் சூடேறும் என்பதால் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே சிறு தீயில் வெறும் சட்டியைச் சிறிது நேரம் வைத்திருக்க வேண்டும். அதே போல, குழம்பு முழுப் பதத்துக்கு வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். தீ போன பிறகும் சட்டி தன் சூட்டிலேயே சமைத்துக்கொண்டிருக்கும். பந்தி தாமதமானாலும் குழம்பு ஆறாமல் இருப்பது இந்தக் குணத்தால்தான், கூட்டத்துக்குச் சமைக்க இரும்பை விரும்புவதற்கு முதற்காரணமும் இதுவே.

குழம்புக்குக் கொள்ளளவு முக்கியம் என்றால் சுக்காவுக்கு அடியின் பரப்பு முக்கியம். சுக்கா, ஈரல் வறுவல், சேனை வறுவல் ஆகியவற்றில் ஒவ்வொரு துண்டும் சுடும் இரும்பைத் தொட வேண்டும். ஆழமான சட்டியில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால், கீழே உள்ளவை விட்ட தண்ணீரில் மேலே உள்ளவை வேகுமே தவிர வறுபடாது. சுக்கா என்ற பெயரில் நிறைய விருந்துகளில் நாம் சாப்பிடுவது இப்படி அவிந்து போன கறிதான். 16 அங்குல வாய் கொண்ட, ஆழம் குறைந்த சட்டியில் ஒரு தடவைக்கு 3 கிலோவுக்கு மேல் நான் போடுவதில்லை. 9 கிலோ சுக்கா வேண்டுமென்றால் பெரிய சட்டியைத் தேடாமல் மூன்று தடவையாக வறுப்பதே சரி. முதல் தடவை முடிந்ததும் சட்டி நன்றாகக் காய்ந்திருப்பதால் அடுத்தவை இன்னும் சீக்கிரம் முடியும்.

பிரியாணிக்கு இதே சட்டிகளைப் பயன்படுத்தலாமா என்றால், பயன்படுத்தலாம், ஆனால் போடும் கறியின் அளவு பாதியாகக் குறையும். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி என்று போட்டால் எட்டு முதல் பத்துப் பேர் சாப்பிடலாம். வெந்து மலர்ந்த பிறகு அது ஏறக்குறைய 5 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். 6 கிலோ கறிக்குழம்பு வைத்த அதே 18 லிட்டர் சட்டியில் 3 கிலோ அரிசிப் பிரியாணிதான் வரும். அதற்கு மேல் போட்டால் தம் பிரித்துக் கிளறும்போது அடியில் உள்ள சீரகச்சம்பா மேற்சுமையில் நசுங்கிக் குழைந்துவிடுகிறது. அறுபது பேருக்குப் பிரியாணிதான் என்று முடிவானால், நான் இரும்பை ஒதுக்கிவிட்டு வாடகைக்குத் தேக்சா எடுப்பேன். வெறும் சோற்றுக்கும் அப்படியே. 8 கிலோ அரிசி வடிக்கிற பாத்திரத்தைச் சாய்த்துக் கஞ்சி இறுக்க வேண்டும். கனமான இரும்பை அதற்காகச் சாய்ப்பது வீண் துணிச்சல்.

புளியும் தக்காளியும் இரும்போடு ஒத்துப்போகாதவை. எண்ணெய் தடவிச் சூடாக்கி நன்கு பழக்கிய சட்டியில் கறிக்குத் தேவையான அளவு தக்காளி போட்டு வதக்கி எடுப்பதால் கெடுதல் இல்லை. புளிக்குழம்பையும் ரசத்தையும் அதில் நெடுநேரம் கொதிக்க வைத்தால் கறுத்து, நாக்கில் இரும்பு வாடை தட்டும். சொதி, பால் பாயசம் போன்ற வெளுத்த பண்டங்கள் சாம்பல் நிறமாகிவிடும். எந்தக் குழம்பாக இருந்தாலும் பந்தி தொடங்குவதற்குள் எவர்சில்வர் வாளிக்கு மாற்றிவிட வேண்டும்; மீந்ததைச் சட்டியிலேயே இரவு முழுக்க வைக்கக்கூடாது.

பழைய சட்டி வாங்குகிறவர்கள் அதைக் காதைப் பிடித்துத் தொங்கவிட்டு விரல் மூட்டால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று நீண்டு ஒலித்தால் நல்லது. சொத்தென்று அடங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று கொள்ளலாம். துருவைப் பற்றிக் கவலை வேண்டாம், தேய்த்து எடுத்துவிடலாம். விரிசலை அப்படிச் சரிசெய்ய முடியாது. உள்ளே தண்ணீர் ஊற்றி ஒரு நாழிகை வைத்தால் வெளிப்புறம் ஈரம் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும். காய்ந்த சட்டியில் குளிர்ந்த தண்ணீரைச் சட்டென்று ஊற்றுவதுதான் பெரும்பாலான விரிசல்களுக்குக் காரணம். ஆகவே குழம்புக்கு ஊற்றும் தண்ணீரைப் பக்கத்து அடுப்பில் சூடாக்கி வைத்துக்கொள்வது கறிக்கும் நல்லது, சட்டிக்கும் நல்லது. புதுச் சட்டியைப் பழக்குவதற்கு வடித்த கஞ்சியை ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டுக் கழுவி, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, வெங்காயம் வதக்கிக் கொட்டும் முறையையே எங்கள் வீட்டில் பின்பற்றுகிறோம். பெரிய சட்டி அடிக்கடி அடுப்பேறாது என்பதால், கழுவியவுடன் தணலில் காயவைத்து எண்ணெய் தடவாமல் உள்ளே வைத்தால் அடுத்த விசேஷத்துக்குள் செந்துரு பூத்துவிடும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு சட்டிதான் வாங்க முடியும், எது என்று சொல் என்பவர்களுக்கு நான் சொல்வது 14 அங்குல வாயும் 5 அங்குல ஆழமும் உள்ள தட்டையடிச் சட்டி. 12 லிட்டர் கொள்ளும். எட்டு, ஒன்பது கிலோ எடை இருக்கும். 4 கிலோ கறிக்குழம்பு வைத்து இருபது பேருக்குப் பரிமாறலாம், இரண்டு கிலோ சுக்காவும் அதிலேயே வறுக்கலாம். நாற்பது பேர் வந்தால் பங்காளி வீட்டிலும் இதே அளவில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மேற்பட்ட கூட்டத்துக்கு வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது.